ராணிக்கு மூக்கு இருந்தது

லண்டனில் மெழுகால் செய்த ராஜா ராணிகளை நிறுத்தி வைத்திருக்கும் மாளிகையை என் கணவர் எப்படிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று, வேலூரில் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு மாதம் திட்டம் போட்டேன். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். அவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தரம் பிரிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். லண்டன் வியாபாரிகளுக்கும் அவர் முதலாளிக்கும் தரம் பற்றி ஏதோ தகராறு. ஆள் வந்து நேரில் பிரித்துக் காட்டட்டும் என்று அவர்கள் எழுத, முதலாளி இவரை அனுப்புவதாக முடிவாயிற்று.

எங்கள் தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மா. செய்தி கேட்டதும் பீரோவைக் குடைந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அந்த மாளிகைக்கான வழிகாட்டி. எந்தக் கூடத்தில் யார் நிற்கிறார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. பத்து வருஷமாக நான் கரும்பலகையில் பெயர் மட்டும் எழுதிப் போட்ட ராஜாக்கள் ஆள் உயரத்துக்கு, பட்டும் நகையுமாக, கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார்களாம்.

சமையலறைத் தரையில் சாக்பீஸால் கூடங்களை வரைந்தேன். தினமும் சாப்பிட்டு எழுந்ததும் அவர் அந்தக் கோடுகளுக்குள் நடந்து காட்ட வேண்டும்.

"இங்க யாரு நிக்கிறாரு?" என்பேன்.

"ஆறு கல்யாணம் பண்ண ராஜா."

"எவ்ளோ நேரம் பாப்பீங்க?"

"ஆறு பேரை வெச்சி சமாளிச்சவன். கொஞ்சம் ஜாஸ்தி நேரம் பாக்கலாம்."

"கீழ கொலைகாரங்க ரூம் ஒண்ணு இருக்கு. அங்க மட்டும் போகாதீங்க. தூக்கத்துல உளறுவீங்க."

என் வகுப்புப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன். அவர்களும் கேள்விகள் கொடுத்தார்கள். ராணிக்கு மூக்கு நீளமா? நரை இருக்கிறதா? கண்ணைப் பார்த்தால் உயிர் இருப்பது மாதிரி இருக்குமா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் மடித்து வைத்தேன். காட்பாடி ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூட, "சனிக்கிழமை மத்தியானம் மாளிகை, மறந்துடாதீங்க" என்று கத்தினேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். தகராறு நல்லபடியாகத் தீர்ந்ததாம். பெட்டியைத் திறக்கக்கூட விடாமல் உட்கார வைத்தேன்.

"போனீங்களா?"

"போனேன். மூணு மணி நேரம் இருந்தேன்."

"ராணி எப்படி இருந்தாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "மேல பட்டுத் துணி. உள்ள லைனிங் வெள்ளாட்டுத் தோல். அவ்ளோ மெல்லிசு."

"இன்னா சொல்றீங்க?"

"செருப்புதான். ராணியோட செருப்பு."

உள்ளே நுழைந்ததும் முதல் ராஜாவின் பூட்ஸ் கண்ணில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. காவல்காரர் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். மெட்ராஸ் ஆட்டுத் தோல் என்பதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "கோட், சார். மெட்ராஸ் கோட்" என்று இவர் பூட்ஸைக் காட்டியிருக்கிறார். அந்த மனிதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூடவே வந்து ஒவ்வொரு கூடத்திலும் நல்ல நல்ல பாதங்களாகக் காட்டியிருக்கிறார்.

"கீழ ரூமுக்கும் கூட்டினு போனாரு. உள்ளதைச் சொல்லணும்னா கொலைகாரன் ஒருத்தன் போட்டிருந்ததுதான் ஒசந்த தோல். ஒரு கீறல் கிடையாது."

"முகம்? யார் முகத்தையும் பாக்கலியா?"

அவர் தாளுக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமில்லை என்று தெரியும். ஆனாலும் நான் எந்நாளும் போகப்போவதில்லை என்று தெரிந்த இடம் அது. சாக்பீஸ் கோடுகளில் அவரைவிட நான்தான் அதிகம் நடந்திருந்தேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் அவர் அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி, "ராணிக்கு மூக்கு..." என்று ஆரம்பித்தார். வெகுநேரம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "மூக்கு இருந்திச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கோபம் எங்கே நிற்கும்?

திங்கட்கிழமை வகுப்பில் நாற்பது பெண்கள் காத்திருந்தார்கள். முகங்களை நானே கற்பனை செய்து சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சிரித்து ஓய்ந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வாயே திறக்காத பெண். அவள் அப்பாவுக்கும் டேனரியில்தான் வேலை.

"டீச்சர், அந்த ராணி செருப்புத் தோல் எங்கப்பா டேனரில செஞ்சதா இருக்குமா?"

"இருக்கலாம். அந்த ஊருக்குத்தானே இங்கேருந்து தோல் போகுது."

"அப்ப ராணி எங்களுது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

உடனே இன்னொருத்தி, ஆறு கல்யாண ராஜா தன் மாமாவுடையது என்றாள். ஆம்பூர்ப் பெண் ஒருத்தி தன் ஊருக்கென்று மூன்று ராஜாக்களைச் சேர்த்துக் கேட்டாள். கொலைகாரனை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல தோல் என்று நான் எடுத்துச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தபோது, ஒரு முழு அரச வம்சமும் வாலாஜாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பங்கு பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.