கணையத்துக்கு ஓர் உண்டியல்

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நாட்களில், பொழியூர் கடற்கரையிலிருந்து மீன் விற்க வரும் பிரான்சிஸ்கா பாறசாலைச் சந்தையில் ஓர் உண்டியலோடு நின்றாள். அவள் கணவன் பயஸ் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவன் கண் மஞ்சளித்தபோது காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கணையத்தில் புற்று என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னபோது நோய் முற்றியிருந்தது. அந்த நோயை ஆராய்ச்சி செய்ய ஆஸ்பத்திரியில் பணமில்லை என்றும் அவர் சொன்னார்.

"தமிழ்நாட்டோட சேரவா பணம் பிரிக்கிய?" என்று சுமைதூக்கும் செல்லசாமி கேட்டார்.

"இல்ல அண்ணா, கணையத்துக்காக்கும்."

அதை ஓர் ஊரென்று நினைத்து, "அது எந்தப் பக்கம் கிடக்கு?" என்றார். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். சரியான இடம் அவளுக்கும் தெரியாது.

பேச்சைக் கேட்டு வெற்றிலை விற்கும் கிருஷ்ணம்மா அருகில் வந்தாள். "அக்கா, எனக்க மாப்பிளைக்கும் கண்ணு மஞ்சளாட்டு இருக்கு. ஆளு மெலிஞ்சு போச்சு."

பிரான்சிஸ்கா அவளையும் அவள் கணவனையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனாள். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. வயிற்றை அறுத்து அதை எடுத்ததும் மனிதர் தேறிவிட்டார்.

பிரான்சிஸ்கா புற்றைக் குணமாக்கிவிட்டாள் என்று சந்தையில் பேச்சானது. உண்டியல் நிறைந்தது. "அது புற்று இல்ல, கல்லாக்கும்" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

ஆராய்ச்சிக்கென்று அந்தப் பணத்தைக் கொடுக்கப் போனபோது, "இனி இந்தப் புற்றோட வாறவங்க பிழைப்பாங்களா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றார் அவர்.

ஒருவர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, பயஸை நினைத்து அழுவதா என்று புரியாமல், வந்த பஸ்ஸையும் தவறவிட்டு, அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள்.