சாண்ட்விச் வண்டியின் நிழல்

திருப்பூரில் ஒருவரை விரட்டுவதற்கும் மரியாதை உண்டு. "ஏனுங்க, நாளைலருந்து இங்க கடை போடாம இருந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்பார்கள். பிழைப்பைப் பிடுங்கும் பேச்சில் 'ங்க' சேர்ந்துவிட்டால் போதும், சொன்னவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். தூத்துக்குடிப் பக்கத்து ஆளான எனக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் பக்கம் விரட்டினால் வசவும் சேர்ந்தே வரும், பதிலுக்கு வையவும் முடியும். இங்கே எதைச் சொல்லி வைவது?

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிச் சந்தில், தரையில் அண்டா வைத்துச் சோறு விற்ற ஒடிசாக்காரி சுமித்ராவுக்கும் அவள் கணவன் ரபிக்கும் கம்பெனித் தரப்பில் இந்த மரியாதைதான் நடந்தது. செக்கிங் பிரிவு சூப்பர்வைசரான எனக்கு ஹிந்தி கொஞ்சம் வரும் என்பதால் சேதி சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது. வேறு இடம் அமையாவிட்டால் ரயிலேற வேண்டியதுதான் என்றான் ரபி. மனசு கேட்காமல், முதலாளிகள் சிலர் கூடி நடத்தும் உதவிக் குழுவிடம் அவர்களை அழைத்துப்போனேன். வேன் ஒன்றை உணவு வண்டியாக்கித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார்கள். என்ன விற்கிறார்கள் என்று கேட்டார் செயலாளர். "பகாளான்னு சொல்வாங்க. நம்ம பழைய சோறுதான் சார்" என்றேன்.

"நானும் ஊட்டுல தெனம் அதைத்தானுங்க குடிக்கறேன். அதுக்காகப் புது வண்டில வெச்சா பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க? சாண்ட்விச் போடச் சொல்லுங்க."

இந்த ஊருக்கு நான் வந்த புதிதில், வீடு கொடுத்த அம்மாவும் இப்படித்தான். "கண்ணு, கருவாடு மட்டும் வறுக்காதீங்க" என்றார். நாங்களும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு அடுப்படியிலிருந்தே கருவாட்டு வாசம் மாடிப்படி ஏறி வந்தது. குடியிருப்பவன் வறுத்தால் நாற்றம், வீட்டுக்காரி வறுத்தால் வாசம். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வண்டி வந்து, சந்துக்கு வெளியே ரோட்டோரம் நின்றது. சாண்ட்விச் படத்தைவிடக் குழுவினரின் பெயர்கள் பெரிதாக இருந்தன. ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். கையுறையும் தொப்பியும் மாட்டி உயரத்தில் நிறுத்தப்பட்ட சுமித்ராவைத் தையல்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஏதோ ஆபீசர்களுக்கான கடை என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். ரொட்டி காய்ந்தது. ரபி மறுபடியும் ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் போனால் வண்டியின் சன்னல் மூடியிருந்தது. அதன் நிழலில் பழைய அண்டாவோடு தரையில் உட்கார்ந்திருந்தாள் சுமித்ரா. சுற்றிலும் ஒடிசாக்காரர்கள், பீகார்காரர்கள், எங்கள் தெக்கத்திப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் கிண்ணம். அந்த நேரம் பார்த்து, விருந்தினர்களுக்கு வண்டியைக் காட்ட வந்து இறங்கினார் செயலாளர்.

"வண்டி எதுக்குங்க குடுத்தோம்? கேளுங்க."

கேட்டேன். அவள் தலை நிமிராமல் பதில் சொன்னாள். "நிழலுக்காம் சார்" என்றேன்.

"அப்ப வண்டியத் திருப்பி எடுத்துக்கலாமுங்களா?"

ரபி முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க சார். வந்தவங்கட்ட அப்புறம் என்னத்தக் காட்டுவீங்க?"

அவர் கார் பக்கம் ஒரு முறை பார்த்தார். "போட்டோ எடுக்கறப்ப மட்டும் சன்னலத் தொறந்து வெக்கச் சொல்லுங்க" என்றார். அதன்படியே சுமித்ரா ஏறினாள், கையுறை மாட்டினாள், யாரும் வாங்காத ரொட்டியைத் தூக்கிப் பிடித்தாள். படம் முடிந்ததும் செயலாளர் வண்டியின் பின்பக்கம் வந்து, காமிராவுக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் பகாளா குடித்தார். வெங்காயமும் கேட்டு வாங்கிக் கடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னையும் ரபியையும் பார்த்து, "உங்க ஊருல எல்லாம் இப்படித்தானுங்களா சாப்பிடறது?" என்றார்.

நான் தமிழன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். சொல்லி என்ன? ஊருக்குப் போனால் என் தம்பியே "திருப்பூர்க்காரர் கருவாடு சாப்பிடுவீங்களா?" என்று கேட்கிறான். கார் போனதும் சுமித்ரா இறங்கிவந்து எனக்கொரு கிண்ணம் தந்தாள். மேலே கடுகெண்ணெயில் வறுத்த கருவாடு. கருவாடு என் ஊருடையது, எண்ணெய் அவள் ஊருடையது, நிழல் செயலாளருடையது. வெயில் சாய்ந்து முதுகில் சுட்டது. இருவரும் கிண்ணத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு நிழலோடு சேர்ந்து தள்ளி உட்கார்ந்தோம்.