சிவப்புப் பென்சிலும் பத்மாவதியின் கோபமும்

பத்மாவதியின் வீட்டுக்காரர் விஸ்வலிங்கம் பினாங்கு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய அதே மேசையில் உட்கார்ந்து ஜப்பான்காரனுக்கும் எழுதினார். வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் மாதாமாதம் ஒரு தேதியைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைப்பார். அது பத்மாவதி வீட்டுக்குத் தூரமாகும் நாள். அந்த மூன்று நாளும் அவள் அடுப்படிக்குள் நுழையக் கூடாது. கடைச் சோற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தச் சுழி.

அது போகட்டும். சுழிக்கு முந்தைய ஏழு நாளில் அவள் பேசுவதையும் அந்தக் கணக்கிலேயே தள்ளிவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியாது! அந்த நாட்களில் அவளுக்கு வயிறு உப்பும், மார்பு கனக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல் வரும். உண்மைதான். அதற்காக அவள் சொல்வதெல்லாம் பைத்தியக்காரப் பேச்சாகிவிடுமா? ஜப்பான்காரன் வந்த வருஷம், "அரிசி மூட்டையைப் பின்கட்டுல வைக்காதீங்க, மழைத்தண்ணி ஏறும்" என்று கத்தினாள். மனிதர் காலண்டரைப் பார்த்தார். "இன்னும் நாலு நாள்தான் லா, பிறகு சரியாயிடும்" என்றார். மூட்டை நனைந்து புழுத்துப் போனது. வீடே மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கு தின்றது. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

அவளுடைய தம்பி தம்புவும் அத்தானைப் பார்த்து அதையே கற்றுக்கொண்டான். பத்தொன்பது வயதுத் தடியன். அக்கா கோபப்பட்டால், "அந்த வாரம்" என்று அத்தானுக்குக் கண்ணைக் காட்டுவான். சோறு போட்டு வளர்த்தவளைப் பார்த்துச் சிரிப்பு வேறு!

நாற்பத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் இரண்டு மாதம் வீட்டுக்குக் கருவாடும் வரவில்லை, காப்பித்தூளும் வரவில்லை. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொடுத்த ஆள் பிடிபட்டுவிட்டான். அந்த இரண்டு மாதமும் அவளுக்கு வயிறு அவ்வளவாக உப்பவில்லை, தூக்கமும் வந்தது. வேறு யாரோ கொண்டுவரத் தொடங்கியதும் மறுபடி உப்புக் கருவாடும் நாளுக்கு ஐந்து தடவை கடுங்காப்பியும் ஆயிற்று. கூடவே உப்பலும் தலைவலியும் வந்து உட்கார்ந்துகொண்டன. அடச்சீ, இதுதானா என்றிருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து சுழிக்குப் பத்து நாள் முன்பே இரண்டையும் நிறுத்திவிடுவாள். கேழ்வரகுக் கூழ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்புக் குறைத்த கங்கோங் கீரை, கிடைத்தால் வாழைப்பழம். சுருண்டு படுக்காமல் காலையில் கடலோரம் வரை நடந்துவிட்டு வருவாள். சந்தியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குப் போகும்போதும் வரும்போதும் குனிய வேண்டும். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் குனிவாள். இரண்டு மூன்று மாதத்தில் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

செப்டம்பரில் விஸ்வலிங்கம் ஒரு தாளோடு வந்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம்.

"மூணு மாசந்தான். கிராணி வேலை, அரிசியும் துணியும் கொடுப்பாங்க. ஆபீஸ்ல ஆளுக்கு ஒருத்தரைக் கேட்டாங்க, நம்ம தம்பு பேரைச் சொல்லிட்டேன். ஜப்பான் துரைகிட்ட நல்ல பேர் வாங்க வேணாமா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தம்பு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு லாரி ஏற வேண்டும்.

சூலியா தெருவில் ஹபீபா பீவி அழுததைப் பத்மாவதி கண்ணால் பார்த்தவள். மூன்று மாதமென்று ஏப்ரலில் சயாமுக்குப் போன ஹபீபாவின் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. பத்மாவதிக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் சுழிக்கு நாலே நாள்தான் இருந்தது. கத்தினால் மனிதர் சுவரைப் பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். "அவன் போகக் கூடாதுங்க" என்றாள்.

விஸ்வலிங்கம் சிரித்தார். "நெஜமாவே பிடிக்காட்டி நீ இந்நேரம் வீட்டை ரெண்டாக்கியிருப்ப லா!"

"அக்காவுக்கும் சம்மதந்தான் அத்தான்" என்று தம்பு பெட்டியில் சட்டையை மடித்து வைத்தான்.

அட பாவிகளா! கத்தினால் தூரக் கோபம், கத்தாவிட்டால் சம்மதம். ஒரு பெண் எந்த வாயால்தான் பேசுவது?

வெள்ளிக்கிழமை தம்பு தாளும் கையுமாக வாசலுக்கு வந்தபோது அதைப் பிடுங்கினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள்.

"எனக்குத் தலைவலி இல்ல, வயிறு உப்பல, ராத்திரி நல்லாத் தூங்கினேன். நல்ல புத்தியோட சொல்றேன், கேட்டுக்குங்க. என் தம்பி உயிரைக் கொடுத்து நீங்க நல்ல பேர் வாங்க வேணாம்! டேய், உள்ள போடா!"

தெருவே கேட்டது. தம்பு உள்ளே போனான். சொன்ன ஆள் வராததற்கு விஸ்வலிங்கத்துக்கு அன்று ஆபீஸில் கன்னத்தில் இரண்டு அறை கிடைத்தது.

ஜப்பான்காரன் தோற்று யுத்தம் முடிந்தபின் அந்த லாரியில் போனவர்களில் மூன்று பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஹபீபாவின் வீட்டுக்காரர் வரவேயில்லை. ஒரு சாயந்திரம் விஸ்வலிங்கம் வீட்டில் ஆபீஸ் ஆட்கள் கூடியிருந்தார்கள். "எனக்கு அப்பவே சந்தேகந்தான். தம்புவை நான்தான் நிறுத்தினேன்" என்றார் அவர்.

பத்மாவதி தட்டை ணங்கென்று மேசையில் வைத்தாள். "பொய்! பேர் கொடுத்தது நீங்க, நிறுத்தினது நான்."

"அக்கா இன்னைக்குச் சூடா இருக்காங்க" என்று ஒருவர் சிரித்தார்.

"ஆமா, சூடுதான். இருபத்திரண்டு பேர் போய் மூணு பேர் வந்திருக்காங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லாத ஆம்பளைங்க இத்தனை பேர் உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு ஏன் இன்னும் கோபம் வரல?"