வெட்டிப்போட்ட காட்சி

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் மேனேஜர் வேலை. விருதுநகரில் இருந்துதான் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி எடுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை தூங்குகிற மனுசன், அன்றைக்குக் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து நின்றார்.

“மதுரைக்குப் போறேன். ஜப்பான் பொம்மைப்படம் ஒண்ணு வந்திருக்கு.”

எனக்குத் தெரிந்த படம்தான். முன்பு டிவியில் தமிழ் பேசி வந்த தொடர். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பனும் மகளும் சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது அதையே வெட்டி ஒட்டி சினிமாவாக்கி தியேட்டருக்கு விட்டிருக்கிறார்களாம்.

“பாத்ததையே பாக்கவா மதுரை வரைக்கும் போறீக?”

“பெரிய திரையில பாக்குறது வேறல்ல” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். டிக்கெட் இரண்டு பேருக்கு. அடுத்தடுத்த சீட்டு.

“கூட யாரு வாரா?”

“கம்பெனிக் கணக்குப்பிள்ளை.”

அவர் தெரு திரும்பியதும் அந்தக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டேன். “அவுக இங்கனதான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காக” என்றார் அவர் மனைவி. அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் மனதுக்குள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள்.

நான் டிக்கெட் வாங்கி உள்ளே போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வழுக்கையை இருட்டிலும் கண்டுபிடித்து, நேர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண். தலையில் முக்காடு. பாப்கார்னை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். என்னோடு சினிமாவுக்கு வந்தால் தூங்குகிறவர்! ஒரு இடத்தில் அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். எழுந்து முக்காட்டைப் பிடித்து இழுத்திருப்பேன்.

அதற்குள் அவள் கிசுகிசுத்தாள். “அத்தா, அந்த அண்ணனும் தங்கச்சியும் மழையில ஒரே தட்டுல சோறு திங்கிற சீன் எங்க? வரவே இல்ல?”

என் மகள். நாங்கள் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போனவள். போன நோன்புப் பெருநாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

“அப்படி ஒரு சீன் இருந்துச்சா?” என்று கேட்டார் அவர்.

“இருந்துச்சு. வெட்டிட்டானுக” என்றேன் நான், பின்னாலிருந்து. அடுக்களை வாசலில் நின்று எத்தனையோ நாள் நானும் பார்த்த தொடர்தானே.

இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பின.

இடைவேளையில் அவர் டீ வாங்கப் போகிறேன் என்று நழுவினார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத்தா சொல்லிக் கூட்டிட்டு வந்தாகளா? மாப்ள வீட்டுக்காரவுக யாரும் வெளிய நிக்காகளா?”

“யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

வாய் திறக்க வெட்கமாக இருந்தது. “உங்கத்தா அத்தர் பூசிட்டுக் கிளம்புனாரு” என்றேன்.

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் எழுந்துபோன சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இங்கன வந்து உக்காருங்கம்மா” என்றாள். டீயோடு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறாள். மாப்பிள்ளைப் பேச்சை நான் எடுப்பதில்லை. ஆனால் அப்பனும் மகளும் மொட்டைமாடிக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினால், துணி எடுக்கிற சாக்கில் நானும் படியேறிவிடுகிறேன்.