வராதவர் மேல் ஒரு வழக்கு

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா. ஜன்னல் கண்ணாடியோ அலமாரிக் கண்ணாடியோ, அளவைச் சொன்னால் தானே அறுத்துக் கொடுப்பாள். கடை அவள் கணவருடையது. சரக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. போலீஸில் எழுதிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினாள். அப்புறம் கண்ணாடி அறுக்கக் கற்றுக்கொண்டாள்.

அவர் போய் ஒன்பது வருஷம் கழித்து, மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் கட்டடம் கைமாறியது. புது உரிமையாளர் தன்மையான மனுஷர்தான். ஆனால் குத்தகைப் பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. ஒன்று அவர் கையெழுத்துப் போடவேண்டும், இல்லை அவர் உயிரோடு இல்லை என்று சான்று வேண்டும் என்றார்.

அம்மாவும் மகளும் போய்ப் பார்த்த வக்கீலம்மா நிதானமாக விளக்கினார். ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றி நெருங்கிய சொந்தங்களுக்கே தகவல் இல்லையென்றால், இறந்துவிட்டதாகக் கருதச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். அம்மா எழுந்து போய்விடுவாள் என்றுதான் மகள் நினைத்தாள். அவளோ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதைப் பேப்பர்ல போடுவாங்களா?"

ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம் என்று அவர் பெயரோடு அறிவிப்பு வரும் என்றார் வக்கீலம்மா.

"அப்ப வழக்கு போடுங்க."

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி சுற்றி வந்த பழைய பேப்பரைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் அவர். எங்கே இருந்தாலும் பார்த்துவிடுவார். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது யாரு என்னைச் செத்துட்டேன்னு சொன்னது என்று சண்டைக்காவது வருவார். வந்து நின்றால் போதும், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அறிவிப்பு வந்த அன்று தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். மேஜைக் கண்ணாடி ஒன்றைக் கோணலாக அறுத்துவிட்டு, திரும்ப அறுத்துத் தந்தாள்.

விசாரணை நாளில் கோர்ட் ஊழியர் வராந்தாவில் நின்று கணவரின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். அந்தப் பெயரை யாரோ வாய்விட்டுக் கூப்பிட்டு எத்தனை காலமாகிவிட்டது! அவள் எழுந்தே நின்றுவிட்டாள். மாடிப்படியில் ஒருவர் ஏறி வந்தார். வேறு யாருடைய வழக்குக்கோ சாட்சி.

"உங்க கணவர் இறந்துட்டார்னு நம்புறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

வக்கீலம்மா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"தகவல் எதுவும் வரலைங்கய்யா. அதுக்கு மேல என்னால சொல்ல முடியலை."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை, அதுவே போதும் என்றார்.

அடுத்த தவணையில் உத்தரவு வந்தது. கடை பிழைத்தது என்று மகள் கையைப் பிடித்தாள்.

"அவரு வரலையேடி" என்றாள் அம்மா. பேப்பர் விஷயத்தை அப்போதுதான் சொன்னாள்.

மகள் பிடித்த கையை விடவில்லை. பிறகு, "நானும் வாசலைத்தாம்மா பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

உத்தரவின் நகலோடு வந்த வக்கீலம்மாவிடம், ஒருவேளை அவர் திரும்பி வந்துவிட்டால் இது என்னவாகும் என்று அம்மா கேட்டாள்.

"அவர் உயிரோட வந்து நின்னுட்டா இது வெறும் காகிதம்தான்க்கா. ரத்து பண்ணிடலாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் கடையிலேயே சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்கு அளவெடுக்க வேண்டியிருந்தது. மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, யாராவது வந்தால் உடனே போன் பண்ணச் சொல்லிப் போனாள்.