சய பன்னிரண்டு

கரும்பலகையில் வேண்டுமென்றே பிழை விடுவது என் நெடுநாள் பழக்கம். இடைவேளை முடிந்து வரும் கணித பாடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொருகும். அப்போது ஒரு கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுத்த வரிக்குப் போவேன். முன்வாங்கிலிருந்து "மிஸ், குறி" என்று சத்தம் வரும். கண்டுபிடித்த பிள்ளையை வாயாரப் பாராட்டுவேன். எங்கள் வகுப்பில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. உண்மையாகவே எனக்குப் பிழைத்துப்போன நாட்களிலும் அந்த விளையாட்டுத்தான் என் மானத்தைக் காப்பாற்றியது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளை மூடியபோது, அன்புவழிபுரத்து வீட்டில் இருந்தபடி பாடங்களை வீடியோ எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடத் தொடங்கினேன். இரண்டு கதிரைகளின் முதுகில் ஒரு பலகையை வைத்து, அதில் போனைக் குப்புறக் கட்டி, கீழே தாளில் எழுதிக்கொண்டு பேசுவேன். சத்தம் பதியும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவேன். வியர்வை தாளில் சொட்டும். மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் கரண்ட் போவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

அந்தத் தவணையில் ஒரு புதுப் பிள்ளை எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. அவள் முன்பு படித்த இடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் நிலைத்து இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் மகள் கணிதத்தில் சித்தியடைய வேண்டும் என்பதற்காகவே, டவுனில் சாச்சி வீட்டில் தங்கவைத்து எங்களிடம் அனுப்பினார் அவளுடைய வாப்பா. "ஒங்கள நம்பித்தான் டீச்சர் வந்திருக்கம்" என்று என்னிடமே சொன்னார். ஒரு கிழமைகூட அவள் வகுப்பில் இருந்திருக்கமாட்டாள். பாடசாலை மூடியது, அவள் ஊருக்குப் போய்விட்டாள். என் விளையாட்டை அவள் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அட்சரகணிதத்தில் அடைப்புக்குறி நீக்கும் பாடத்தை வீடியோ எடுத்த அன்று எனக்குப் பிழைத்தது. சய மூன்றால் சய நான்கைப் பெருக்கினால் சக பன்னிரண்டு வரவேண்டும். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். நான் சய பன்னிரண்டு என்று எழுதி, வாயாலும் அழுத்தந்திருத்தமாகச் சொல்லி, அதே மாதிரி இன்னும் இரண்டு கணக்கையும் செய்துவிட்டேன். வகுப்பென்றால் முதல் வரியிலேயே பிடித்திருப்பார்கள். தாளும் போனும் என்னத்தைச் சொல்லும்?

குழுவில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வகுப்புத் தலைவி எழுதினாள்: "மிஸ், வேணுமெண்டு தானே பிழை விட்டனீங்கள்?" முகம் சுட்டது. இல்லை பிள்ளை, பிழைத்துப்போச்சு என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? நான் எழுதியது வேறு: "ஓம், ஆர் கண்டுபிடிக்கிறீங்கள் எண்டு பார்த்தனான். கெட்டிக்காரி." சரியான விடையையும் கீழே போட்டேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. வீடியோவை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றியது, திரும்ப எடுக்கும் சோம்பலில் பஞ்சிப்பட்டேன் என்பதுதான் சரி.

குறிஞ்சாக்கேணி வீட்டில் டேட்டா போட வசதியில்லை. தெரிந்த பிள்ளை ஒருத்தி வீடியோக்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். வீடியோ போய்ச் சேர்ந்தது. அதற்குக் கீழே நாங்கள் கதைத்த கதை போய்ச் சேரவில்லை.

பாடசாலை திறந்ததும் ஒரு சோதனை வைத்தேன். அவளுடைய தாளில் அடைப்பு வந்த இடமெல்லாம் குறி பிழை. படிப்பிலே கவனமில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த வீடியோவையே நான் மறந்துபோயிருந்தேன். வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டு, இப்படிச் செய்ய யார் படிப்பித்தது என்று அதட்டினேன்.

"வீடியோவில நீங்க இப்படித்தான் செஞ்சீங்க டீச்சர்" என்றாள். குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துப் பாடமாக்கியிருப்பாள் போல, நான் சொன்ன அதே சொற்களில் கணக்கைச் சொல்லிக் காட்டினாள்.

வகுப்பு சிரித்தது. அது எங்களைச் சோதிக்க மிஸ் விட்ட பிழை, அதுகூட விளங்கவில்லையா என்று தலைவி அவளுக்கு விளக்கம் சொன்னாள். புதுப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. "எனக்கு விளங்கல்ல டீச்சர், மன்னிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய் அமர்ந்தாள்.

அடுத்த நாள் கடைசி வாங்குக்கு மாறியிருந்தாள். அதன்பிறகு நான் எழுதும் எதையும் அவள் உடனே எழுதுவதில்லை. மற்றப் பிள்ளைகள் எழுதும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். விடை தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். தனக்கு மூளை மட்டு என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டது. கணிதத்துக்காக வந்த பிள்ளைக்கு நான் கொடுத்தது அது.

சில கிழமைகள் அதைப் பார்த்துக்கொண்டு படிப்பித்தேன். பிறகு என்னால் ஏலாமல் போய்விட்டது. ஒரு நாள் சோக்கைக் கீழே வைத்துவிட்டு முழு வகுப்புக்கும் சொன்னேன். "அந்த வீடியோவில நான் வேணுமெண்டு பிழை விடேல்ல. எனக்கு உண்மையாப் பிழைச்சுப் போச்சு. வெட்கத்தில உங்களுக்குப் பொய் சொன்னனான். இந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. தலைவியின் கண் கலங்கியிருந்தது. அவள் பக்கத்துப் பிள்ளையிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. மிஸ் எவ்வளவு நல்லவ, அந்தப் பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில் போடுறா என்றாள்.

பாடம் முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது கடைசி வாங்குப் பிள்ளை என் மேசைக்கு வந்தாள். நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்காக நீங்க அப்படிச் சொல்லத் தேவல்ல டீச்சர்" என்றாள். "இனி நான் கவனமாப் பாக்குறன்."