பச்சையில் வந்த லாரி

அண்ணா! பாலாநகர் லாரி ஷெட்டில் இப்படிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நீ இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா போன பிறகு திருமுல்கேரி அறையில் நாம் இரண்டு பேர்தான். நீ லாரி ஓட்டிய கம்பெனியிலேயே எனக்கும் வேலை கேட்டு வாங்கித் தந்தாய். முதலாளி செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், எல்லோருக்கும் சேட். ஒவ்வொரு டிரிப்புக்கும் நிஜமாக என்ன செலவு என்று சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கியிருந்தார். டீசல், டயர், பஞ்சர், காலியாகத் திரும்பிய தூரம் எல்லாவற்றையும் டிரைவர்கள் சீட்டில் எழுதித் தருவார்கள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். லாபம் என்றால் லாரி நம்பர் பச்சையில் வரும், நஷ்டம் என்றால் சிவப்பில்.

நல்ல வாடகை என்று அனுப்பிக்கொண்டிருந்த நாக்பூர் டிரிப் முதல் மாதமே சிவப்பில் வந்தது. திரும்பும்போது லோடு இல்லை.

"இத்தன வருஷமா நாக்பூர்காரனுக்கு ஓசில ஓட்டிருக்கேன்மா!" என்று சேட் தலையில் அடித்துக்கொண்டார். அந்த டிரிப்பை நிறுத்தினார். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் சிவப்பில் வரும் லாரியை விற்றுவிடுவதாகவும் சொன்னார்.

எல்லோரும் உன் பழைய லாரியைத்தான் கை காட்டினார்கள். அதுவோ மாதாமாதம் பச்சையில் வந்தது.

"கைக்கு, எதுக்கு புது வண்டி? என் கிழவியப் பாருங்க சேட்!" என்பாய்.

"ஹவ்டா, ஆமாடா, உன் கிழவிக்கு பஞ்சர்கூட ஆகறதில்ல" என்பார் அவர். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மஞ்சள் காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். அறையில் தனியாக உட்கார முடியவில்லை.

உன் லாரியை வேலூர் பக்கத்துக்காரர் ஒருவர் எடுத்தார். அந்த மாதமே சிவப்பு, அடுத்த மாதமும். சீட்டு நிறைய பஞ்சர், வெல்டிங். சேட் அவரை என் மேஜை முன்னால் நிறுத்தினார்.

"அவன் ஓட்டறப்ப வராத பஞ்சர் உனக்கு மட்டும் எங்கேர்ந்துய்யா வருது? பொய் நக்கோ, வேணாம். நாளையிலேர்ந்து வராத."

"புள்ளைங்க மேல சத்தியம் சேட். டயர வந்து பாருங்க."

நான் ஷெட் வாசலில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"உங்கண்ணனா? மாசம் நாலு தடவ வருவான்மா. பில்லே கேக்க மாட்டான். சாப்பாட்டு பேட்டாவ குடுத்துட்டு, டீயும் பன்னும் தின்னுட்டுப் போவான். சிவப்பு வந்தா வண்டிய வித்துடுவாங்க, அப்புறம் வேலையும் இருக்காதுன்னு பயம் அவனுக்கு."

வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று நீ சொன்னதையெல்லாம் நம்பினேனே அண்ணா. உன்னைப் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேட்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

சேட் உன் பழைய சீட்டுகளை எடுத்துப் புரட்டினார். "அப்ப மெஷின் சொன்னது பொய்யாம்மா?" என்றார்.

"மெஷின் இல்ல சேட். அண்ணன் சீட்டுல எழுதல."

வேலூர்க்காரருக்கு வேறு வண்டி கிடைத்தது. உன் பச்சையெல்லாம் சிவப்புதான் என்று தெரிந்ததும் உன் லாரியை அந்த வாரமே விற்றார்கள். வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்தது நான்தான்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. என் அண்ணன் போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்று எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.